ஐந்தரை மணிக்கு இரவு

வாசலில் சாவிப்பெட்டி. நான்கு எண்கள்.
அந்த நான்கையும் கதவுநிலையில்
பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள் யாரோ.
முதல் குறிப்பு அதுதான்.
இன்னும் உள்ளே போகவில்லை நான்.

கெமி. கடலோர ஊர். ஜூன் மாதம்.
பன்னிரண்டு வருடமாக இதுதான் வேலை.
பிறர் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்து
பாலின் தேதி பார்ப்பவள்.
மாத்திரைப் பெட்டியில்
புதன்கிழமை காலியா என்று விரல் விட்டுத் தடவுபவள்.
குளியலறைக் கைப்பிடியில்
முழு எடையோடும் தொங்கிப் பார்ப்பவள்.
தொங்கினேன். தாங்கியது. ஒரு சரி.

கெய்யோ ஹன்னுகைனன், அறுபத்தொன்று.
கால்கள் சொன்னபடி கேட்காமல் ஆறு வருடம்.
சக்கர நாற்காலியில், பொத்தான் தப்பாத சட்டையில்,
எனக்காகவே தலை வாரிவிடப்பட்டு இருந்தார்.
வாரிவிட்டவள் அதற்குள்
இரண்டு தெரு தள்ளி இன்னொருவர் வீட்டில்.

பதிவு சொல்கிறது:
காலை ஏழு நாற்பது. பதினான்கு நிமிடம்.
கழுவல், உடை, கஞ்சி, மருந்து. நலம்.
நேற்று நலம்.
முந்தாநாளும் நலம்.
ஒரு முறை தொட்டால் போதும்,
அந்தச் சொல்லைத் தொலைபேசி தானே எழுதிக்கொள்ளும்.

கம்பளத்தின் ஓரம் நீல நாடாவால் ஒட்டியிருந்தது.
"மர்யுத் ஒட்டினாள். அவள் வீட்டு நாடா.
அவளுக்குத்தான் தடுக்கியது.
நான் தடுக்கி விழ
முதலில் எழுந்து நிற்க வேண்டாமா?"
சிரித்தார். நானும்.
நாடாவுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

அவசரப் பொத்தான் கழுத்தில் இல்லை.
தொப்பி மாட்டும் கொக்கியில்,
அவர் கை எட்டுவதற்கு ஒரு முழம் மேலே.
ஏன் என்றேன்.
"சும்மாதான்."
எடுத்து, அவர் பார்க்க அமுக்கினேன்.
சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தோம்.

இரண்டு நிமிடம். காப்பி ஆடை கட்டியது.
நான்காவதில் பைக் மீன் விலையைப் பற்றி ஏதோ சொன்னார்.
ஆறாவதில், மார்ச் மாதம் இதே தரையில்
மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்ததை,
மேசைக்கு அடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன
பழைய மிட்டாய் ஒன்றைக் கண்டுபிடித்ததை.
ஒன்பதாவதில் பெட்டி கரகரத்தது.
வேறு எந்த ஊரோ. இளம் குரல், அவசரக் குரல்:
"எல்லாம் சரியாக இருக்கிறதா?"
நான் வாய் திறக்குமுன்
"சரியாக இருக்கிறது, நன்றி" என்றார்.
இணைப்பு போய்விட்டது.

கொஞ்ச நேரம்
நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

படிவத்தை மூடிவிட்டுக் கேட்டேன்:
ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீர்கள்?
"ஐந்தரைக்கு."
மாலையா?
"ஐந்தேகாலுக்கு வருவார்கள்.
படுக்க வைத்துவிட்டுத்தானே போக முடியும்?
என்னோடு பதினாறு வீடு அவர்களுக்கு."
ஜன்னல் பக்கம் முகவாயைத் தூக்கினார்.
"இந்த மாதம் இவன் நள்ளிரவு வரை
வீட்டுக்குப் போவதில்லை.
பின்னால் பையன்கள் பந்து ஆடுவார்கள்.
திரையை மூடியிருந்தாலும் சத்தம் கேட்கும்,
கோல் எண்ணுவேன்.
நேற்று ஏழுக்கு நான்கு."

கட்டிலின் இருபக்கக் கம்பிகளையும்
அசைத்துப் பார்த்தேன். உறுதி.
விழ வழியே இல்லை.
பாதுகாப்பு என்ற தலைப்பில்
முழு மதிப்பெண் பெறும் கட்டில்.

காரில் உட்கார்ந்து எழுதினேன்.
கதவுநிலை எண்: உடனே அழிக்கவும், பெட்டி எண்ணை மாற்றவும்.
அழைப்புக்குப் பதில்: ஒன்பது நிமிடம், ஏற்க முடியாது.
தரம்:
'வயது வந்த ஒரு மனிதர், வெயிலில்,
ஐந்தரைக்குப் படுக்க வைக்கப்படுகிறார்.'
எண் மட்டும் என்றது சிவப்பில்.
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.

எதிர்த்திசையில் மர்யுத்தின் கார் கடந்தது.
ஒரு கையில் ரொட்டி, ஒரு கையில் சக்கரம்,
அசைக்கக் கை இல்லாமல்
புருவத்தை உயர்த்திவிட்டுப் போனாள்.

இரண்டு என்று போட்டேன்.
எங்கேயோ மேலே போய்ச் சேர வேண்டிய இரண்டு.
வழியில் யார் தோளில் இறங்கும் என்று தெரியும்.
கைப்பிடியில் தொங்கிப் பார்த்தேன்.
அவளை யாரும் பார்க்கவில்லை,
எவ்வளவு தாங்குவாள் என்று.