எட்டுத் தௌ

கடிதம் தந்தால்தான் தொடுவேன் என்றேன்.
ஏபர்ட் துரை சிரித்தார். அவருக்குச் சிரிக்க முடியும்.
ஹப்புத்தளை பஸ்ஸை மறித்துப் பைகளைக் கொட்டிய வருஷங்களில்
ஒரு ஸ்பேனருக்கு அரைமணி நேரம்
விளக்கம் சொன்னவன் நான்.
தட்டச்சில் அடித்து, தேதி போட்டு நீட்டினார்:
'இத்துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவர்
தொழிற்சாலை பிட்டர் அடைக்கலம்.'
அதற்குப் பிறகுதான் கம்பளியைப் பிரித்தேன்.

மார்ட்டினி. கருமருந்துக் காலத்து ராணுவச் சாமான்.
எங்கள் தோட்டத்து ஆபீஸ் பெட்டகத்திலிருந்து
ஏலத்தில் அவர் கைக்கு வந்தது.
'தியத்தலாவைப் போட்டிக்கு மூன்று கிழமைதான், பாஸ்.
மலையைச் சுட்டால்கூட மலைக்குப் படாது.'

மண்மேட்டில் அட்டையைச் சாத்திச் சுட்டோம்.
ஐந்து வெடிக்கு மூன்று துளை.
மூன்றும் வட்டமில்லை, சாவித்துவாரம் போல நீளம்.
வெறிகாரன் வாசலில் தோளை முதலில் நுழைப்பதுபோல்
குண்டு பக்கவாட்டில் போயிருக்கிறது.

இந்தத் துளையை எனக்குத் தெரியும்.
பெரட்டுக்களத்துக் கொட்டகைத் தகரத்தில்,
நெஞ்சு உயரத்தில், துருவேறிய விளிம்போடு.
வேலைநிறுத்த வருஷம் அதன்முன் ராக்கன் நின்றானாம்.
வந்த குண்டை முனி தட்டிவிட்டாராம்.
இன்றைக்கும் அதன் கீழே
வெற்றிலை, ஒரு சுருட்டு.

துரையிடம் ஒன்றும் சொல்லவில்லை.
மெத்தென்ற ஈயத்தைக் குழலுக்குள் மரக்கோலால் தள்ளி
மறுபக்கம் எடுத்து மைக்ரோமீட்டரில் பிடித்தேன்.
அங்குலத்தை ஆயிரமாய் அரிந்தால் ஒரு துண்டு ஒரு தௌ.
குழலுக்கும் குண்டுக்கும் நடுவே
எட்டுத் தௌ.
புரி பிடிக்கவில்லை, பிடிக்காத குண்டு தள்ளாடும்.
அந்த எட்டுத் தௌவில்தான்
முனி நின்றிருக்கிறார்.

அதை அடைப்பதுதான் என் வேலை.

ஈயத்தில் இருபதுக்கு ஒன்று வெள்ளீயம் சேர்த்து வார்த்தேன்.
டீ ருசிபார்க்கும் அறையின் சின்னத் தராசில்
ஒவ்வொன்றாய் நிறுத்தேன்.
இலேசானதன் வயிற்றில் காற்று, திரும்பவும் சட்டிக்கு.
முன்குறி குள்ளம்; பித்தளை ஒட்டி உயர்த்தி,
சுட்டுச் சுட்டு அராவினேன்.
கச்சான் காற்றில் குழலின் கரி ஓடாய் இறுகும்.
ஒவ்வொரு வெடிக்கும் பின்
மூங்கில் குழாயால் மூன்று மூச்சு ஊதினேன்,
அடுப்பூதுகிற மாதிரி.

குண்டைச் சுற்றக் காகிதம் வேண்டும், இரண்டு சுற்று.
இந்தக் காலத்துக் காகிதம் ஈரத்தில் கூழாகிறது.
துரை பழைய செக்ரோல் ஒன்று கொண்டுவந்தார்.
பருத்திக் காகிதம், மங்காத நீல மை.
பேர். அரைப்பேர். பேரில்லை.
சரிவாக வெட்டும்போது
ஒரு துண்டில் 'காமாட்', அடுத்ததில் 'சி'.
முழுநாள் பறித்தவளுக்கும் என் கத்திரியில் அரைப்பேர்.
ராக்கனைத் தேடினேன் என்றால் பொய்.
தேடவில்லை என்றாலும்.

தியத்தலாவை, இருநூறு யார்.
புகை விலக இரண்டு நிமிஷம் ஆனது.
ஐந்தும் வட்டம்,
ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள்.
குழல்வாய்க்கு முன்னால் புல்லெல்லாம் காகிதத் துணுக்கு,
நீல எழுத்தின் கால்கள், கொம்புகள்.
ஒரு பட்டாளத்துப் பையன் அதைக் கூட்டி அள்ளினான்.

இரண்டாம் பரிசு, மின்கேத்தல். அது துரைக்கு.
எனக்கு மூவாயிரம், பஸ் காசு தனி.
கையெல்லாம் அழுகிய முட்டை வாடை.

இருட்டும்போது பெரட்டுக்களத்தில் இறங்கினேன்.
துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்.
இரண்டு விரல் போனது.
சட்டைப்பையில் மிஞ்சிக் கிடந்த ஒரு குண்டை,
காகிதம் சுற்றாததை,
வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

லயத்து வாசல்வரை நடந்துவிட்டுத்
திரும்பிப்போய் எடுத்துக்கொண்டேன்.
நாளைக்குப் பொலிஸ் வந்து கேட்டால்
முனியிடம் கடிதம் இல்லை.