ரிடன்டன்ட்

அகராதியைத் திறக்காதே,
சொல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்,
சாலை கடப்பதுபோல என்று
செவ்வாய்க்கிழமை வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.
ஸ்கிர்மான்டே அப்படித்தான் பார்த்தாள்.

க்ரிம்ஸ்பி மீன் ஆலை, மாடியறை.
கடிதத்தின் நடுவே ஒரு சொல்: ரிடன்டன்ட்.
இடப்பக்கம் 'வருத்தத்துடன்'.
வலப்பக்கம் ஒரு தேதி. வெள்ளிக்கிழமை.

போதவில்லை.
இன்னும் தள்ளிப் பார்த்தாள்.
மேசையில் பிஸ்கட், அதுவும் சாக்லேட் பூசியது.
ஒன்பது வருடத்தில் இந்த அறையில்
யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை.
மேலாளர் அவள் பெயரைச் சரியாக உச்சரித்தார்,
முதல் தடவையாக,
ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவர்போல.
கீழே நான்காம் பெல்ட் ஓடும் சத்தத்தைக் காணோம்.

பொருள் வந்துவிட்டது.

இருந்தாலும் பேருந்தில்
அகராதியைத் திறந்தாள்:
'மிகை. நீக்கினாலும்
வாக்கியத்தின் பொருள் மாறாது.'

ஓரத்தில் பென்சிலால், லிதுவேனிய மொழியில்
ஒரே ஒரு சொல் எழுதினாள்:
முள்ளெடுத்தேன்.

வாரத்துக்கு நாலாயிரம் காட் மீன்.
எங்கள் வினைச்சொல்லில்
ஆள் ஒட்டிக்கொண்டே இருப்பாள்,
முள்போலப் பிடுங்க வராது.

கைப்பையில் போட்டுவந்த பிஸ்கட்
நொறுங்கியிருந்தது.
தின்றாள்.
நன்றாகத்தான் இருந்தது.