துணி

பிரேமர்ஹாஃபெனில் பழந்துணிப் பெட்டி
மீன்கிடங்குக்குப் பின்னால், விளக்கெரியாத மூலையில் நிற்கிறது.
வாய் மட்டுமே உள்ள இரும்பு மிருகம்.
நாலு முறை தீனி போட்டிருக்கிறேன்:
சாட்டின் உள்பாவாடைகள், காலுறைகள்,
தேடித்தேடி வாங்கிய நாற்பத்துநாலாம் எண் குதிகால் செருப்பு.
ஒவ்வொரு முறையும் இதோடு சரி என்று ஒரு சத்தியம்.
ஒவ்வொரு சத்தியத்துக்கும் மூன்று மாத ஆயுள்.
பிறகு வேறு ஊர், வேறு கடை, அதே பொய்:
மனைவிக்குப் பிறந்தநாள்.
போன வருஷம் விப்கேவுக்கு ஐந்து பிறந்தநாள்.

நாற்பது மீட்டர் உயரத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நான்.
முப்பது டன் கண்டெய்னரை
முட்டையைப் போல இறக்கத் தெரியும்.
ஒரு முழம் வழுவழுப்பை
மனசிலிருந்து இறக்கத் தெரியவில்லை.

"பெண்ணாக வேண்டும் என்றெல்லாம் எனக்கில்லை," என்றேன்
முதல் நாளே, கோட்டைக் கூடக் கழற்றாமல்.
"நான் அதைக் கேட்கவே இல்லையே," என்றார் டாக்டர் ஓல்ட்மான்ஸ்.
"சிலருக்கு உடை, தாங்கள் யார் என்பதற்குப் பதில்.
உங்களுக்கு அது வேறு ஏதோ. உட்காருங்கள்."

எப்போது தொடங்கியது என்றார்.
அலை ஏறத் தொடங்கும் நிமிஷத்தை
கரையில் நிற்பவன் பார்ப்பதில்லை.
காலணி நனைந்த பிறகுதான் குனிகிறான்.

இதற்குப் பெயர் உண்டா?
உண்டு. நீளமான பெயர்.
"ஆனால் ஆசை மட்டும் இருந்தால் அதை எழுத மாட்டேன்.
அது உங்களை அரைக்கிறதா, வீட்டைத் தின்கிறதா,
அப்போதுதான் பேனாவைத் திறப்பேன்.
துணி தந்த துன்பம் எவ்வளவு,
ஒளித்த துன்பம் எவ்வளவு,
பிரித்து எழுதி வாருங்கள்."

ஓத அட்டவணையின் பின்பக்கத்தில் கோடு கிழித்தேன்.
இடது பக்கம்: செவ்வாய் இரவு. கால்மணி நேரம். நடுக்கம், நிம்மதி.
கொஞ்சம் கடன்.
வலது பக்கம்: உதிரி டயருக்கடியில் பை.
போலீஸ் காரை நிறுத்தியபோது முதுகெல்லாம் வியர்வை.
விப்கே தோளைத் தொட்டதும் துள்ளி விலகினேன்.
அவள் முகம்.
அவள் முகம், மறுபடியும்.
வலது பக்கம் இன்னொரு தாளுக்கு ஓடியது.

ஏப்ரலில் சொன்னேன்.
கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.
நெடுநேரம் கழித்து, "எனக்கா? ஐந்து பிறந்தநாளா?"
சிரிக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை.
"துணியைப் பற்றி என்ன நினைப்பதென்று தெரியவில்லை.
பொய்யைப் பற்றித் தெரியும்."
அன்றிரவு ஹாலில் படுத்தாள். அடுத்த பதினோரு இரவும்.

இன்று வியாழன். ஐந்தாவது பை டிக்கியில்.
பெட்டிக்கு முன்னால் என்ஜினை அணைக்காமல் இறங்கினேன்.
காலையில் காரை எடுத்துப் போனவள் அவள்.
பை ஓரமாக நகர்ந்திருக்கிறது.
முடிச்சு அவிழவில்லை.
நகர்ந்த இடத்தில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு,
பிரேக் போட்டால் உருளாதபடி
பையின் மேல் சாய்த்து.

மிருகம் வாயைத் திறந்தே வைத்திருக்கிறது.
டிக்கியை மூடினேன்.
கிழங்கு வீட்டுக்குப் போயாக வேண்டும்.