ஒண்ணேகால் பவுன்

மணிமேடை தாண்டி இரண்டாம் சந்தில்
பாக்கியநாதனின் தோட்டாக் கடை.
கலெக்டர் உத்தரவை நாலாய் மடித்து
சட்டைப்பையில் வைத்திருந்தேன்.
"ஆனைக்கா வேய்?" என்றார்
வாங்கிப் படிக்காமலே.

துரை கப்பலேறும்போது எஸ்டேட்டில் விட்டுப்போன
இரட்டைக்குழல், நானூற்றெழுபது.
அதற்கான தோட்டா பதினொன்று
ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன,
ஆடிச் சாரலில் பச்சை பூத்த பித்தளை.
ஒவ்வொன்றாய்க் காதோரம் குலுக்கினார்.
காய்ந்த பயற்றங்காய்போல் சிலது கலகலத்தது.
சிலது பேசவில்லை. அவற்றை ஒதுக்கினார்.

"மூக்கைப் பாரும்.
ஈயம் வெளியே தெரிஞ்சா மெதுமூக்கு,
பட்ட எடத்துலயே கூண்மாதிரி விரியும்.
மிளாவுக்குச் சரி.
ஆனைத்தலை முழுக்கத் தேனடைபோல எலும்பு.
அதைத் தாண்டணும், வழி மாறாமப் போவணும்.
கெட்டிமூக்குதான்."
எடை கேட்டேன்.
ஐந்நூறு கிரெயின்.
கிரெயின் என்றால் தானியமாம்,
என்ன தானியமென்று அவருக்கும் தெரியவில்லை.

பக்கத்து நகைக்கடையில் தராசு கடன் வாங்கி
முனை கழன்ற ஒன்றைத் தட்டில் வைத்தார்.
நாலு பவுன்,
மேலே மூணு குன்றிமணி.

ஜெசிந்தாளுக்கு மாப்பிள்ளை வீட்டில் கேட்டிருப்பது
இருபத்தஞ்சு.
ஆறு குண்டில் கல்யாணம் முடிந்தது என்று சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
"கனம் கூடினா ஒமக்குத் தோளு நோவும்.
கனம் கொறைஞ்சா அதுக்கு நோவும்.
ஒமக்க நோவு ஒரு வாரம்.
அதுக்க நோவுக்குக் கணக்கு கிடையாது."

நாலு எடுத்துக்கொண்டேன்.

மாறாமலைச் சரிவில்
ஈச்சன் காணி முன்னால் நடந்தான்.
பால்வெட்டப் போன இருவரை
மிதித்துப்போட்ட ஆனை.
நாற்றம் முதலில் வந்தது.
பிறகு அது.
ஓடையில் இடது முன்காலைத் தூக்கிப் பிடித்தபடி
தும்பிக்கையால் சேறு அள்ளி
ஒரே இடத்தில்,
தோளில் ஒரே இடத்தில்
அப்பிக்கொண்டு நின்றது.

இருபது கஜம். இடது குழல்.
முட்டுமடிந்து உட்கார்ந்தது, சத்தமில்லாமல்.
வெள்ளம் கொஞ்சநேரம் பாதை தேடியது.
இரண்டாவது விசையிலிருந்த விரலை
ஈச்சன்தான் எடுத்துவிட்டான்.

மாட்டு டாக்டர் தோளைக் கீறினார்.
சீழ் ஒரு குடம் இருக்கும்.
முழங்கைவரை விட்டுத் துழாவி
ஒரு கட்டியை எடுத்தார், ஓடையில் அலசினார்,
என் உள்ளங்கையில் வைத்தார்.
விரிந்த கூண்.
"இதாக்கும் அதுக்குப் பிராந்து பிடிக்க வச்சது."

அதைத்தான் கொண்டுபோனேன்,
மிச்சத் தோட்டா மூணையும் திருப்ப வந்ததாய்ச் சொல்லிக்கொண்டு.
மறுபடி கடன் தராசு.
ஒண்ணேகால் பவுன்.
"போவும்போ ரெண்டுக்குப் பக்கம் இருந்திருக்கும்.
முந்நூற்றுப்பதினஞ்சு. பாக்கி உள்ள செதறியிருக்கும்."
பேரேட்டைப் புரட்டினார்.
மலைப்பக்கம் அந்த ரைபிள் மூணு பேருக்கு விற்றிருக்கிறது.
ஒருத்தர் செத்துப்போனார்.
ஒருத்தர் சிங்கப்பூரில்.
மூணாவது பெயர்மேல் விரலை வைத்துக்கொண்டு
என்னைப் பாராமல் கேட்டார்:

"பன்னிக்கா சுட்டீரு?"

மரச்சீனி விளையில், என்றேன்.
மழை இருட்டு.
என்னமோ அசைந்தது.
"பொறவு?"
ஓடுகிற சத்தம் கேட்டது.
"பன்னி ஓடுத சத்தமா?"

தெருவில் ஒரு வில்வண்டி போய் முடிந்தது.

மூணையும் குலுக்கிப் பார்த்து டின்னில் போட்டார்.
காசை எண்ணி வைத்தார்.
அந்த ஒண்ணேகாலை எடுத்துக்கொள்ளவில்லை.
தராசோடு கூட வந்திருந்த ரோஸ் தாளில்
மோதிரம் மடிப்பதுபோல மடித்து
என் பக்கம் தள்ளினார்.

குலசேகரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.
தோள் இன்னும் கன்றிக் கிடந்தது,
ஒன்பதாம் நாள்.
வீட்டில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது
பையிலிருந்து எட்டிப் பார்த்த ரோஸ் தாளைக் கண்டு
ஜெசிந்தாள்
கையை நீட்டினாள்.