இருபது டிகிரி

வானகரம் மண்டபத்தில் கடைசியாக எடுத்த கல்யாணம்
ஆறாயிரத்து நூற்று நாற்பது படம்.
மணப்பெண் ஆட்டோவில் போகும்போதே
கட்டைவிரலால் தள்ளித் தள்ளி
எண்பதைத் தேர்ந்துவிட்டாள்.
மீதி என் வீட்டில்
சோப்புப் பெட்டி அளவு டிஸ்க்கில்
சூடாக முனகிக்கொண்டிருக்கிறது.

பதினைந்து வருஷம் கழித்துப்
பரணிலிருந்து இறக்கிய கேமராவுக்கு
ஒரு ரோல் வாங்கினேன். எண்ணூற்றைம்பது.
வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.
ஒரு அழுத்தலுக்கு இருபத்துநாலு ரூபாய்.
ஷேர் ஆட்டோவில் இரண்டு நிறுத்தம் போகலாம்.

காசிமேடு. காலை ஆறேகால்.
அஞ்சலாட்சி வஞ்சிரத்தின்மேல் கத்தியை ஓங்கினாள்.
நாலாவது படம்.
அழுத்தியதும் தலை தானாகக் குனிந்தது
கேமராவின் முதுகைப் பார்க்க.
கறுப்புத் தோல். அதில் என் மூக்கு வியர்வை.
"காட்டு" என்றாள்.
"இதுல தெரியாதுக்கா."
"அப்ப இன்னாத்துக்கு எடுத்தே?"
கத்தி இறங்கியது.

முப்பத்தாறையும் முடிக்கப் பதினோரு நாள்.
எடுக்கலாமா என்று யோசிப்பதற்குள்
மழையில்லாத வானத்துக்குக் குடை பிடித்தபடி
மீன்பாடி வண்டியில் போய்விட்டார் ஒருவர்.
எடுத்ததைவிட அவர்தான்
இன்னும் துல்லியமாக இருக்கிறார்.

குளியலறைக் கதவிடுக்கில் பழைய போர்வை.
மருந்துக்கு இருபது டிகிரி வேண்டுமாம்.
பாக்கெட்டில் அச்சிட்ட அட்டவணை
இருபத்துநாலோடு நின்றுவிடுகிறது.
பெரம்பூரில், மே மாதம்,
மாடித் தொட்டித் தண்ணீர் முப்பத்தாறு.
உப்பு வேறு.
உப்புக்குக் கேன் தண்ணீர் இருக்கிறது.
சூட்டுக்கு?

திரும்ப அவளிடமே போனேன்.
"அரைக் கூடை ஐஸ் குடுக்கா."
"மீனு?"
"மீன் வேணாம். படம் கழுவணும்."
ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுப்
பக்கத்துக் கூடைக்காரிக்கு உரக்கச் சொன்னாள்:
"ஐஸ் இல்லன்னா படம் நாறிப்பூடுமாம்டீ!"
ஏலம் கேட்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.
காசு வாங்கவில்லை.

ஒன்பதரை நிமிஷம்.
நிமிஷத்துக்கு ஒருமுறை
டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்தினேன்.
பக்கெட்டில் சுறா வாசனையோடு
ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.
ஏழு மங்கல். இரண்டு ஒன்றின்மேல் ஒன்று.
ஷவர் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டபோது
பதினாறாவதின்மேல் ஒட்டியிருந்தது
ஒரு செதில்.

ஆறு ஆறாக நறுக்கியதில்
முதல் துண்டை எடுத்துக்கொண்டு போனேன்.
வெயிலுக்கு நேரே பிடித்தாள்.
தலைமயிர் வெள்ளை. பல் கறுப்பு.
மின்னும் கத்தி ஒரு துண்டு இருட்டு.
வெகுநேரம் பார்த்தாள்,
கூடையில் ஈ மொய்ப்பதையும் விட்டுவிட்டு.
"நரைச்சா நான் இப்டித்தான் இருப்பனா?"

"பிரின்ட் போட்டா சரியாயிடும்க்கா."
"அது வேணாம். இதையே குடு."

கல்யாண வீட்டில் எத்தனை பேர் கேட்டாலும்
எனக்கும் ஒன்று இருக்கும்.
இது இருப்பதே ஒன்று.
போனில் ஒரு நகல் எடுத்துக்கொண்டிருக்கலாம்;
அந்த நேரத்தில் தோன்றவில்லை.
கத்திரிக்கோல் கொண்டுவரலையே என்றேன்,
தப்பிக்கும் வழியாக.

மீன் கத்தியை
மடியில் விரித்திருந்த சாக்கில்
இரண்டு பக்கமும் துடைத்து நீட்டினாள்.
"பாத்து.
பக்கத்துல நிக்கிறவன வெட்டிடாதே."