செவிக்கல்

கொடுவாக் குஞ்சின் தலையை
நெற்றியிலிருந்து கீழாகப் பிளந்தால்
மூளைக்கு அடியில் இரண்டு கல் இருக்கும்.
நொய்யிலும் சிறிது.
கழுவி, பசையில் பதித்து,
உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து
வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்து
நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தால்
நாளுக்கு ஒரு வளையம்.
எழுபத்தோரு வளையம்.
பொரித்த நாளிலிருந்து செத்த நாள்வரை
விடுப்பே எடுக்காமல்
தன் காதுக்குள் தானே கையெழுத்துப் போட்ட மீன்.

செவ்வாய் விடியலில் நான்காம் கூண்டில் மிதந்தவை
ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு.
எண்ணியது நானும் அந்திரேசும்.
வள்ளத்தின் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டு
இடையிடையே நான் வாந்தியெடுத்தேன்.
கடலைப் பற்றித்தான் முனைவர் பட்டம்.
கடலுக்கு அது தெரியாது.
"நீங்க எடுக்கத எடுங்க மேடம்,
நான் எண்ணுதேன், கணக்கு எங்கயும் போவாது"
என்று இருபது இருபதாகக் கூடையில் போட்டார்.
நாற்பது மீனின் வாயில்
இன்னொரு மீனின் வால் இருந்தது.

மதியம் திருநெல்வேலியிலிருந்து செல்வநம்பி வந்தார்.
கூத்தங்குழி மணலில் சப்பாத்து புதையப் புதைய
காப்பீட்டுப் படிவத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.
பதினோராம் கட்டம்: சாவுக்குக் காரணம்.
"கச்சான் அடிச்சுது, நீவாடு மாறிச்சு,
தண்ணி கலங்கி மூச்சு முட்டிட்டு.
இயற்கைச் சீற்றம்னு போடுங்க.
ரெண்டே வார்த்தை."

காற்று அடித்தது உண்மை.
மேற்கே காற்றாலைகள் இரவெல்லாம் அரற்றின.
ஆனால் மூன்றாம் கூண்டிலும்
அதே காற்று, அதே நீவாடு, அதே ஈற்றுக் குஞ்சு.
அங்கே செத்தது பதினேழு.

தீனி லாரி வராத நாட்களில்
மிச்சமிருந்த மூட்டைகள் மூன்றுக்குப் போயின.
வங்கிக்காரர்கள் வந்து எட்டிப் பார்ப்பது அதைத்தான்.
நான்காம் கூண்டின் கடைசி ஒன்பது வளையங்கள்
மயிரிழை மயிரிழையாக
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன.
அந்த ஒன்பது நாளும் தீனிப் பதிவேட்டில்
'போடப்பட்டது' என்று இருக்கிறது.
எதிரே 'கு.' என்று இருக்கிறது.
என் பெயரின் முதல் எழுத்து.
அதற்கு மேல் எழுத அன்றைக்குக் கை வரவில்லை.

பத்துத் தலை பிளந்தேன்.
பத்திலும் ஒரே மாதிரி.
ஒன்பதில் ஐந்தாவது மட்டும் அகலம்.
கண் பிசகு என்று கல்லைத் திருப்பிப் பார்த்தேன்.
அகலம்தான்.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த அந்திரேசிடம்
தேதியைச் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன்.
கயிற்றைப் பார்த்துக்கொண்டே
"மச்சான் வள்ளத்துல அன்னைக்குச் சாள பட்டுது.
மிஞ்சுனத அரிஞ்சு ராத்திரி போட்டேன்.
பாவம்லா" என்றார்.
பிறகு, "எழுதிராதிய."

வெளிமீன் போட்டால் நோய் வரும்,
வேலை போகும் என்று
கொட்டகைச் சுவரில் ஒட்டியது நான்தான்.
வளையத்தை எழுதினால் ஐந்தாவதையும் எழுத வேண்டும்.
ஐந்தாவதை எழுதினால்
ஆறாயிரம் சாவையும் அவர் கூடையில் கொட்டுவார்கள்.
எழுதாவிட்டால் காற்று கொன்றதாகும்.
எழுதினால் காப்பீடு வராது,
காப்பீடு வராவிட்டால் சம்பளம் வராது.
சம்பளம் ஏற்கெனவே இரண்டு மாதமாக வரவில்லை.
எங்கள் காதுக்குள்ளும் ஏதேனும் கல் இருந்தால்
இந்நேரம் அங்கேயும் மயிரிழைதான்.

இராதாபுரம் பேருந்து போய்விட்டது.
அடுத்தது ஏழு இருபதுக்கு.

பதினோராம் கட்டத்தில் எழுதினேன்:
பட்டினி. எட்டு நாள்.
ஒன்பது அல்ல, எட்டு.
எந்த எட்டு என்று படிவத்தில் கேள்வி இல்லை.
பதிவேட்டுக் கையெழுத்து பொய் என்று அடியில் ஒரு வரி.
அதற்கும் அடியில் கையெழுத்து.
இந்த முறை சுருக்காமல்,
குழல்வாய்மொழி.
கட்டம் போதவில்லை.
'மொழி' வெளியே நிற்கிறது.