அப்புறம்

முதல் நாள் அலுவலகத்தில்
"காடி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டேன்.
ரெஜினா அக்கா கணினியிலிருந்து நிமிர்ந்தார்.
"காடியா? ஊறுகாய்க்கா?"

ஈப்போவில் காடி நான்கு சக்கரத்தில் ஓடும்.
அஸ்தம்பட்டியில் அது புட்டிக்குள் புளிக்கிறது.

தமிழ் பேசுகிற ஊருக்குத்தானே போகிறாய்,
உனக்கென்ன சிரமம் என்றார்கள்
கொரியாவுக்கும் போலந்துக்கும் போன தோழிகள்.
அவர்கள் தெரியாத மொழியில் தடுமாறினார்கள்.
நான் தெரிந்த மொழியில்.

புரொஜெக்டர் எங்கே என்றேன்.
"அப்புறம்" என்றார் இம்தியாஸ்.
ஐந்தரை வரை உட்கார்ந்திருந்தேன்.
பூட்டும் சாவியுமாக வந்து நின்று
"அப்புறம்?" என்றார்.
அது கேள்வி. கிளம்பலாமா என்று பொருள்.
பதில் என்று நினைத்துக்கொண்டு
திரும்பவும் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமைகளில் ஏற்காடு.
முதல் சனி, பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
காலை இட்லி மேலே வந்தது.
கண்டக்டர் விசில் ஊதவில்லை.
டிக்கெட் கிழிப்பதுபோல
கட்டிலிருந்து ஒரு பையைக் கிழித்து
என் முகம் பார்க்காமலே நீட்டினார்.
மடியில் லேமினேட் செய்த பன்னிரண்டு அட்டைகள்:
இளையோருக்கான தகவமைவுத் திறன்,
இரண்டு மணி நேரம், நடுவில் பிஸ்கட்.

பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது.
பூட்டின்மேல் ஒரு ஓணான்.
காப்பிப் பழம் சிவந்துவிட்டால்
உன் பலம் என்ன, பலவீனம் என்ன என்று பேச
எவரும் வட்டமாக உட்கார மாட்டார்கள்,
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

"குழுவுல எல்லாரும் காட்டுல இருக்காங்க" என்றான் பூவரசன்.
"நீங்க எந்த ஊருங்க?"
"மலேசியா."
பாதி காதில் வாங்கிய அவன் தங்கை
"அந்தக்காவும் மலையாளியாம்!" என்று
மேல்வீடு வரை கத்திக்கொண்டே ஓடினாள்.
அவசரமாக, எனக்கு மலையாளம் தெரியாது என்றேன்.
"எங்களுக்கும் தெரியாதுங்க" என்றான்.
அந்த மலையில் அது அவர்கள் பெயர்.
திருத்துவதற்குள்
மேல்வீட்டிலிருந்து எனக்கு ஒரு கூடை வந்துவிட்டது.

அட்டை ஏழு: எதிர்பாராத ஒரு மாற்றத்தை வரைக.
அதைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் பழம் கொட்டிப் பிரித்தோம்.
வழவழப்பு அதற்குத் தோதாக இருந்தது.
என் கூடையில் பாதி பச்சை.
வெண்மதி ஒன்றும் சொல்லவில்லை,
ஒவ்வொன்றாகப் பொறுக்கி
எனக்குத் தெரியும்படி ஓரமாக வைத்தாள்.

மதியம் களியும் கீரையும்.
"நீங்களும் பசியாறுங்க" என்றேன்,
அலுவலகத்தில் சிரித்த அதே சொல்.
பூவரசனின் அம்மா அதை
ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.
"பசி… ஆறு. நல்லாத்தான் இருக்கு."

அறிக்கையில்
"பயன்படுத்திய உபகரணங்கள்" என்ற கட்டத்தில்
கூடை என்று எழுதினேன்.
ரெஜினா அக்கா அடிக்கவில்லை.
பென்சிலால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

எல்லாம் பழகிவிடவில்லை.
விடுதித் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை.
நாலு ரோட்டைக் கடக்க
முன்பின் தெரியாத யாராவது ஒருவரின்
முதுகுக்குப் பின்னால்தான் இன்னும் போகிறேன்.
பதினோராவது வளைவில் இப்போது
வேர்க்கடலை தின்கிறேன், ஆனால்
ஜன்னலோரம் கிடைத்தால் மட்டும்.

நேற்று அம்மா கூப்பிட்டார்.
அங்கே பத்தரை, இங்கே எட்டு மணி.
"பசியாறிட்டியா?"
ஒரு கையில் தட்டுவடை செட்,
விரலெல்லாம் பீட்ரூட் சாயம்.
"ஆச்சும்மா. அப்புறம்?"

அந்தப் பக்கம் எதுவும் வரவில்லை.
மின்விசிறியின் சத்தம் மட்டும்.
நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று
அம்மா காத்திருந்தார்.